வீவக பேட்டையின் வடிகாலில் ஓடும் நைட்ரஜனை அளப்பதும் தடுப்பதும் எப்படி

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கிறது. தோ பாயோவில் ஒரு சமூகத் தோட்டத்தில் கத்தரிச் செடிக்கு இட்ட உரத்தின் நைட்ரஜனில் செடி எடுத்துக்கொள்ளாத பங்கு, அடுத்த பெருமழையில் பாத்தியை விட்டுக் கரைந்து வெளியேறி, நடைபாதையோர வடிகாலில் விழுந்து, காலாங் ஆற்றின் வழியாக மரீனா நீர்த்தேக்கத்தைச் சென்றடைகிறது. வழியில் அதைச் சுத்திகரிக்கும் ஆலை எதுவும் இல்லை. ஆலை இருப்பது நீர்த்தேக்கத்துக்கு அப்பால்தான். குழாயில் வரும் நீர் அங்கே நன்றாகச் சுத்தம் செய்யப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேலை எவ்வளவு கடினமாக இருக்கும், நீர்த்தேக்கத்தில் பாசி எவ்வளவு பெருகும், அதில் வாழும் மீன்களுக்கு உயிர்வளி (ஆக்சிஜன்) போதுமானதாக இருக்குமா என்பதெல்லாம் மேட்டில் வாழும் நம்மைப் பொறுத்தது.

அந்தப் பயணத்தைக் கண்ணால் பார்த்து, அளந்து, இயன்றவரை தடுக்க விரும்பும் குடியிருப்பாளர்களுக்காகவும், சமூகத் தோட்டங்களைப் பராமரிப்பவர்களுக்காகவும், பள்ளித் திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் அமோனியா, நைட்ரேட் (நீரில் நைட்ரஜன் இருக்கும் வடிவங்கள்) சோதனைப் பெட்டிகள், மூடியுள்ள சில சிறு புட்டிகள், காய்ச்சி வடித்த நீர், ஒரு வாளி, ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தால் போதும்.

நகர வளர்ச்சி நீரை என்ன செய்கிறது

நகரம் வளர்ந்தால் நீர் கெட்டுவிடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். சிங்கப்பூரின் வரலாறு அதை அப்படியே ஏற்றுக்கொள்ள விடாது. 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதியில் மாட்டு வணிகம் செழித்ததற்கு ரோச்சோர் ஆற்றின் நீரும் அருகிலிருந்த புல்வெளியும் காரணம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற தெருப் பெயர்கள் இன்றும் அதை நினைவுபடுத்துகின்றன. அத்தனை மாடுகளின் சாணமும் சிறுநீரும் மழைக்காலத்தில் எங்கே போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. 1977ல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்று முகத்துவாரத்தையும் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கியபோது, அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும், பல வாத்துப் பண்ணைகளும், கழிவுநீர்க் குழாய் இணைப்பே இல்லாத குடியிருப்புகளும் இருந்தன. பத்தாண்டுகளில், 1987க்குள், அவை அகற்றப்பட்டன. மக்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். கழிவுநீர் தனிக் குழாயில் ஓடத் தொடங்கியது. 1965ல் ஏறத்தாழ 19 லட்சமாக இருந்த மக்கள்தொகை இன்று 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஆறு அன்றைவிடத் தூய்மையாகவே இருக்கிறது.

ஆக, நைட்ரஜனின் ஒரு பெரிய வழியை நகர வளர்ச்சி அடைத்தது. அதே வளர்ச்சி இன்னொரு வழியைத் திறந்துவிட்டது என்பதே இந்த வழிகாட்டியின் மையக் கருத்து. காட்டிலும் தோட்டத்திலும் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி மெதுவாக நகர்கிறது. அங்கே அமோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வேர்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. உயிர்வளி இல்லாத ஈரமான ஆழத்தில் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வளிமண்டல நைட்ரஜனாக மாற்றி வெளியே விடுகின்றன. இந்த வேலை நடப்பதற்குக் காலமும், மண்ணும், மக்கிய இலைதழையும் வேண்டும். கான்கிரீட் தரை, தார்ச்சாலை, கூரை, நேரான வடிகால் ஆகியவை நீரை நிமிடக் கணக்கில் கடத்திவிடுவதால் மூன்றுமே அதற்குக் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் 1990களின் இறுதியிலிருந்து நடந்துவரும் நீண்டகால ஆய்வு, புறநகர் ஓடைகளில் நைட்ரேட் அளவு காட்டு ஓடைகளைவிட மிக அதிகமாக இருப்பதைக் காட்டியது. வெள்ளத்தின் வேகத்தால் ஓடைகள் ஆழமாக அறுக்கப்பட்டு, கரையோர மண்ணின் நீர்மட்டம் தாழ்ந்து, நைட்ரேட்டை நீக்கும் ஈரப்பகுதி காய்ந்துபோனதும் அதற்கு ஒரு காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அங்கே புல்வெளி உரமும் கழிவுத்தொட்டிகளும் உண்டு. நம் ஊரின் நிலைமை வேறு. ஆனால் நீர் மண்ணைத் தொடாமல் ஓடினால் நைட்ரஜனும் தடையின்றி ஓடும் என்பது இரண்டு ஊர்களுக்கும் பொது.

வடிகாலைத் தொடர்ந்து நடந்து பாருங்கள்

மழையில்லாத ஒரு காலை வேளையில் உங்கள் புளோக்கிலிருந்து தொடங்குங்கள். லோங்காங் என்று நாம் சொல்லும் திறந்த வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது, எந்தப் பெரிய கால்வாயில் சேர்கிறது என்று பார்த்து, கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், உங்கள் பேட்டையின் நீர் எந்த நீர்த்தேக்கத்துக்குச் செல்கிறது என்பது தெரிந்துவிடும். பீஷான், அங் மோ கியோ, தோ பாயோ வட்டாரங்களின் பெரும்பகுதி நீர் காலாங் ஆறு வழியாக மரீனாவைச் சேர்கிறது. 2008ல் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, தீவின் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அந்த ஒரே நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. லிட்டில் இந்தியாவில் வாங்கிய பூமாலையின் வாடிய பூக்கள் வடிகாலில் விழுந்தால் அவையும் ரோச்சோர் கால்வாய் வழியாக அங்கேதான் போகும்.

நடக்கும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளிலும் எந்த வடிகாலில் நீர் ஓடுகிறது? எங்கே பச்சைப் பாசி வழுவழுப்பாகப் படிந்திருக்கிறது? எந்த இடத்தில் தரையிலிருந்து நீர் மண்ணுக்குள் இறங்க வாய்ப்பு இருக்கிறது? இவற்றுள் மூன்றாவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் பின்னால் திருத்த வேலை செய்ய இடம் தேடும்போது அதிகம் உதவுவது இந்தக் குறிப்புதான்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: கால்வாய்க்குள் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். மேட்டில் பெய்த மழையால் கால்வாய் நீர் சில நிமிடங்களில் உயர்ந்துவிடும். இடியும் மின்னலும் இருக்கும்போது திறந்தவெளியில் நிற்கவும் வேண்டாம். கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ நீர் மாதிரி எடுக்க விரும்பினால் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சொல்லப்படும் அளவீடுகள் எல்லாம் உங்கள் தோட்டத்திலிருந்து வெளியேறும் நீரையும் தோட்டத்தையொட்டிய சிறு வடிகாலின் நீரையும் கொண்டே செய்யத்தக்கவை.

மூலங்களைப் பட்டியலிடுங்கள்

விளைநிலம் மிகக் குறைவாக உள்ள ஊரில் நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது இயல்பு. உரமிட்ட தோட்டங்களும் புல்தரைகளும் முதலில் நினைவுக்கு வரும். கட்டுமான இடங்களிலிருந்து அரித்து வரும் மண்ணில் மக்கிய பொருளோடு கலந்த நைட்ரஜன் இருக்கிறது. அதனால்தான் கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் மண்துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற விதியை இங்கே கடுமையாக நடைமுறைப்படுத்துகிறார்கள். புறாக்களுக்குத் தீனி போடும் இடத்துக்குக் கீழே தரையைப் பார்த்தால் வெள்ளையாகப் படிந்திருக்கும் எச்சம் முழுவதும் நைட்ரஜன் மிகுந்தது. அவற்றுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றமாகவும் இருக்கிறது. வளர்ப்பு நாயின் மலம், குப்பைத் தொட்டி மையத்தில் கசியும் நீர், எங்கோ விரிசல் கண்ட கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எளிதில் மறந்துவிடும் இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, மழையே. வாகனங்களும் கப்பல்களும் தொழிற்சாலைகளும் எரிபொருளை எரிக்கும்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் மாற்றமடைந்து மழையோடு நைட்ரேட்டாக இறங்குகின்றன. இரண்டாவது, நம் சாலையோரங்களில் குடைபோல் விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம். அது பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுவதால் அதன் இலையில் தழைச்சத்து மிகுதி. மண்ணில் விழுந்து மக்கினால் அந்த இலை நல்ல உரம். வடிகாலில் குவிந்து நனைந்தால் சில நாள்களிலேயே அதே சத்து நீரில் கரையத் தொடங்கும். மரத்தை யாரும் குறைசொல்ல முடியாது. இலை விழும் இடம் மண்ணாக இருக்கிறதா, கான்கிரீட்டாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டுச் சமையலறைக் கழிவுநீரைப் பற்றியும் ஒரு சொல். கழனித் தண்ணீரையும் மீன் கழுவிய நீரையும் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் அவை கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகின்றன. அந்த நீரின் ஒரு பகுதி மீண்டும் தூய்மையாக்கப்பட்டுப் புதுநீராகவும் திரும்பி வருகிறது. அதையே புளோக்கைச் சுற்றியுள்ள வடிகாலில் ஊற்றினால் நேரே நீர்த்தேக்கத்துக்குப் போகும். கீழ்த்தளத்தில் விருந்து முடிந்தபின் அண்டாக்களைக் கழுவுபவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவைப்பது நல்லது.

மாதிரி எடுத்தல்

ஒரே தோட்டத்தின் நீரை மூன்று நேரங்களில் எடுக்க வேண்டும்: மழையில்லாத நாளில் தோட்டத்தையொட்டிய வடிகாலில் நீர் ஓடினால் அதிலிருந்து, மழை தொடங்கி முதல் கால் மணி நேரத்துக்குள் தோட்டத்தை விட்டு வெளியேறும் நீரிலிருந்து, மழை ஒரு மணி நேரம் பெய்தபின் வெளியேறும் நீரிலிருந்து. தரையிலும் பாத்தியிலும் பல நாள்களாகச் சேர்ந்திருப்பதை முதல் நீர் அள்ளிக்கொண்டு வருவதால், அதன் அளவு பெரும்பாலும் மற்ற இரண்டையும் விஞ்சும். இவற்றுடன் நான்காவதாக, திறந்தவெளியில் ஒரு சுத்தமான கிண்ணத்தை வைத்து மழைநீரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மழையே கொண்டுவந்த நைட்ரேட்டைக் கழித்தால்தான் உங்கள் தோட்டத்தின் பங்கு தெரியும்.

முதல் கால் மணி நேரத்தில் இடி மின்னலில் நிற்க வேண்டியதில்லை. அகன்ற வாயுள்ள ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து, அதன் மூடியில் 2.5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை போட்டு, ஜாடிக்குள் ஒரு பிங்பாங் பந்தைப் போட்டு மூடுங்கள். தோட்டத்திலிருந்து நீர் வெளியேறும் தாழ்வான இடத்தில், மூடி தரை மட்டத்தில் இருக்கும்படி ஜாடியைப் புதைத்துவிடுங்கள். முதலில் வழிந்துவரும் நீர் துளை வழியாக இறங்கி ஜாடியை நிரப்பும். நீர்மட்டத்தோடு பந்தும் மிதந்து உயரும். ஜாடி நிரம்பியதும் பந்து துளையை உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இருப்பது முதல் நீர்தான். பந்தின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்பதால் துளையை அதைவிடச் சிறியதாகவே வைக்க வேண்டும். மழை நின்றதும் அன்றே ஜாடியை எடுத்துக் காலி செய்துவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு வாய்ப்பும் தரக்கூடாது.

புட்டிகளை எடுக்கப்போகும் நீராலேயே மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். இடம், நேரம், கடைசியாக மழை பெய்து எத்தனை நாளாயிற்று, கடைசியாக உரமிட்டது எப்போது என்ற நான்கையும் புட்டியின் மேல் எழுதுங்கள். நம் ஊர் வெப்பத்தில் புட்டிக்குள்ளேயே நுண்ணுயிர்கள் அமோனியாவை மாற்றத் தொடங்கிவிடும் என்பதால், பனிக்கட்டி வைத்த பெட்டியில் எடுத்துச் சென்று அன்றைக்கே சோதித்துவிடுவது நல்லது. நீர் கலங்கலாக இருந்தால் நிறத்தைப் படிக்க முடியாது. காப்பி வடிதாளைக் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை நனைத்துக் கழுவிவிட்டு, அதன் வழியாக மாதிரியை வடிகட்டிக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது

தாள் பட்டையைவிடத் துளித்துளியாக விடும் திரவச் சோதனைப் பெட்டியையே நான் பரிந்துரைக்கிறேன். மீன்தொட்டிக்கான பெட்டிகளில் பலவற்றில் நைட்ரேட் அளவு 0, 5, 10, 20 என்று பெரிய படிகளாக ஏறும். குறைந்த அளவைக் காட்டும் பெட்டி கிடைத்தால் அதை வாங்குங்கள். நைட்ரேட் சோதனையில் மிகுதியாக நேரும் பிழை ஒன்று உண்டு. நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணிய உலோகத்தூள் சில பெட்டிகளின் ஒரு புட்டியில் அடியில் படிந்திருக்கும். அந்தப் புட்டியைக் குறிப்பில் சொன்ன நேரம் முழுவதும் பலமாகக் குலுக்காவிட்டால், தூள் இல்லாத திரவம் மட்டுமே துளியாக விழும். நைட்ரேட் நிறைய இருந்தாலும் கண்ணாடிக் குழாய் வெளிர்மஞ்சளாகவே நின்று, எல்லாம் நலம் என்று காட்டிவிடும். நன்றாகக் குலுக்கிச் செய்தால் அதே நீர் ஆரஞ்சும் சிவப்புமாக மாறுவதைக் காணலாம்.

அமோனியா சோதனைக்கு ஒப்பீட்டு நீராகக் குழாய் நீரைப் பயன்படுத்தாதீர்கள். சிங்கப்பூரில் குடிநீரைக் கிருமியின்றி வைத்திருக்க குளோரமின் சேர்க்கப்படுகிறது. அது குளோரினும் அமோனியாவும் இணைந்த பொருள் என்பதால், தூய்மையான குழாய் நீரிலும் சோதனைப் பெட்டி இலேசான பச்சை நிறம் காட்டக்கூடும். இதைப் பார்த்துக் குழாய் நீர் மாசடைந்துவிட்டது என்று அஞ்சுபவர்கள் உண்டு. அது தேவையற்ற அச்சம். ஒப்பீட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரே சரி. தோட்டத்துக்குக் குழாய் நீர் பாய்ச்சிய உடனே வடிந்து வரும் நீரைச் சோதித்தாலும் இதே குழப்பம் நேரும்.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை சோதியுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை. நிறத்தை வெயிலில் படிக்காமல், பகல் வெளிச்சம் உள்ள நிழலில், வெள்ளைத் தாளின் முன் வைத்துப் படியுங்கள்.

எண்களைப் படிப்பது

பெட்டி காட்டும் நைட்ரேட் அளவை 4.43ஆல் வகுத்தால் நைட்ரஜன் அளவு கிடைக்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை அதிக நைட்ரேட் குறைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். தோட்டத்து நீரை அந்த வரம்போடு ஒப்பிட்டு நிம்மதி அடைவது தவறான வழி. பாசி பெருகுவதற்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான நைட்ரஜன் போதும். நன்னீரில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் பாஸ்பரஸ் கட்டுப்படுத்துகிறது என்பதும், நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் உரமும் எச்சமும் கழிவுநீரும் இரண்டு சத்துகளையும் ஒன்றாகவே கொண்டுவருகின்றன. கடலிலோ நைட்ரஜனின் பங்கு இன்னும் பெரிது. 2014லும் 2015லும் ஜொகூர் நீரிணையில் பாசி பெருகி மிதவைப் பண்ணைகளின் மீன்கள் பெருமளவில் மாண்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

அமோனியாவுக்குத் தனிக் கவனம் வேண்டும். பெட்டி காட்டுவது மொத்த அமோனியாவை. அதில் மீனுக்கு நஞ்சாவது ஒரு பங்குதான். நம் ஊர் நீரின் வெப்பநிலையில், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7 ஆக இருக்கும்போது அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 9 ஆகும்போது அது பாதியை நெருங்கும். பாசி நிறைந்த குளத்தில் பிற்பகல் வெயிலில் பிஎச் உயர்வது வழக்கம் என்பதால், காலையில் ஆபத்தில்லாத அதே அமோனியா பிற்பகலில் ஆபத்தாகிவிடும்.

மழையில்லாத நாளில் வடிகால் நீரில் அமோனியா தெளிவாகத் தெரிந்து, சாம்பல் நிறமோ துர்நாற்றமோ இருந்தால், கழிவுநீர் எங்கோ கசிகிறது என்று கருத வேண்டும். அதை நீங்கள் ஆராய்ந்து கொண்டிருக்காமல் ஒன்சர்விஸ் செயலி வழியாகவோ நேரடியாகவோ பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். முதல் மழைநீரில் மட்டும் நைட்ரேட் உயர்ந்து, ஒரு மணி நேரத்தில் தணிந்தால், மேற்பரப்பில் கிடந்த உரமோ எருவோ காரணம். மழை ஓய்ந்து மறுநாளும் தோட்டத்தின் அடியிலிருந்து மெல்லக் கசியும் நீரில் நைட்ரேட் குறையாமல் இருந்தால், மண்ணே நிரம்பி வழிகிறது. அதாவது பல மாதங்களாகத் தேவைக்கு மேல் உரம் போயிருக்கிறது.

எண்ணை எடையாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். 100 சதுர மீட்டர் தோட்டத்தில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர் நீர் விழுகிறது. அதில் பாதி வழிந்தோடுவதாகவும், அந்த நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதாகவும் கொள்வோம். நைட்ரஜனாக அது 4.5 மில்லிகிராம், 1,500 லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு என்பதால், இது 15 கிராம் யூரியாவுக்குச் சமம். அற்பமாகத் தோன்றும் இந்த 7 கிராம், 14,000 லிட்டர் நீரை லிட்டருக்கு அரை மில்லிகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவரப் போதுமானது. வழிந்தோடும் நீர் பாதிதானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை: வெளியேறும் குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்தால் ஓட்டத்தின் அளவு கிடைத்துவிடும்.

பாத்தியிலேயே தடுப்பது

எல்லாத் திருத்தங்களிலும் செலவில்லாததும் அதிகப் பலன் தருவதும் உரத்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவதுதான். "அண்ணே, மழைக்கு முன்னாடி போட்டாத்தானே உரம் கரைஞ்சு வேருக்குப் போகும்?" என்று தோட்டத்தில் ஒரு தங்கை என்னிடம் கேட்டார். தூறலுக்கு அது பொருந்தலாம். இங்கே பெய்யும் மழைக்குப் பொருந்தாது. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில், பிற்பகல் இடிமழை அரை மணி நேரத்தில் பாத்தியின் மேல் மண்ணையே கழுவிவிடும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் உடையது, களிமண்ணும் அப்படியே. எனவே மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நீர் போகும் வழியில் அதுவும் போய்விடும். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, மழை எதிர்பார்க்கப்படாத காலை வேளையில், மண்ணைக் கிளறி உரத்தை 3 அல்லது 4 சென்டிமீட்டர் ஆழத்தில் மூடி, இலேசாக நீர் தெளிப்பதே சரியான முறை. டிசம்பர், ஜனவரி மாதங்களின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள்கணக்கில் மழை பெய்யும்போது இரசாயன உரத்தை நிறுத்தி வைப்பதில் செடிக்கு நட்டமில்லை.

அளவைக் கணக்கிட, பையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில் முதலாவதைப் பாருங்கள். 15-15-15 என்றால் 100 கிராம் உரத்தில் 15 கிராம் நைட்ரஜன். கீரை, சாய் சிம், கங்கோங் போன்ற குறுகிய காலப் பயிருக்குச் சதுர மீட்டருக்கு 10 கிராம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால், 3 சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு பருவம் முழுவதற்கும் 200 கிராம் போதும். அதையும் மூன்று தவணையாகப் பிரித்துத் தர வேண்டும். கோழி எருவும் மக்கிய உரமும் ஏற்கெனவே இட்டிருந்தால் அவற்றையும் கணக்கில் சேர்த்து இதைக் குறையுங்கள். எரு இயற்கையானது, எவ்வளவு போட்டாலும் தவறில்லை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. வடிகாலுக்குள் போன பிறகு இயற்கை நைட்ரஜனுக்கும் ஆலை நைட்ரஜனுக்கும் வேறுபாடு கிடையாது.

மெதுவாகக் கரையும் உறையிட்ட உரமணிகளை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பையில் 6 மாதம் என்று எழுதியிருப்பது நம்முடையதைவிடக் குளிர்ந்த மண்ணை அளவுகோலாகக் கொண்டது. 30 பாகை வெப்பத்தில் அது முன்னதாகவே தீர்ந்துவிடும். ஆகவே குறிப்பில் உள்ள முழு அளவையும் ஒரே தடவையில் இடாமல், பாதியை இட்டு, இலையின் நிறத்தைப் பார்த்து மீதியை இடுங்கள். அறுவடை முடிந்த பாத்தியை வெறுமையாக விடுவதும் கூடாது. வேர் இல்லாத மண்ணில் நைட்ரேட் உருவாகிக்கொண்டே இருக்கும், எடுத்துக்கொள்ள ஆளிருக்காது. உதிர்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள், அல்லது உடனே அடுத்த விதையை ஊன்றுங்கள்.

தோட்டத்தின் கீழ்விளிம்பில்

பாத்தியிலிருந்து தப்பியதைப் பிடிக்கத் தாழ்வான விளிம்பில் ஒரு பச்சைப் பட்டை வேண்டும். வெட்டிவேர், எலுமிச்சைப் புல், பாண்டான் ஆகியவற்றை ஒரு மீட்டர் அகலத்துக்கு நெருக்கமாக நட்டால், நீரின் வேகம் தணிந்து மண்துகள் படிந்துவிடும். அந்தப் பட்டைக்கு உரமிடவே கூடாது. அவ்வப்போது வெட்டி, வெட்டியதை வெளியே எடுத்துவிட வேண்டும். இலையோடு நைட்ரஜனும் வெளியேறுவது அப்போதுதான்.

இடமும் அனுமதியும் கிடைத்தால் சிறிய மழைத்தோட்டம் அமைக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் 2006ல் தொடங்கிய ஏபிசி (துடிப்பான, அழகிய, தூய்மையான) நீர்நிலைத் திட்டத்தில் இத்தகைய மழைத்தோட்டங்கள் பேட்டைகளிலும் பள்ளிகளிலும் அமைக்கப்பட்டுள்ளன. பீஷான் அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆறாக மாற்றி 2012ல் திறந்ததும் இதே திட்டத்தில்தான். கரையில் நின்று பார்த்தால் நீர், மண், வேர் மூன்றும் மீண்டும் சேர்ந்திருப்பது தெரியும். சிறிய அளவில் செய்யும்போது, மேலே மணற்பாங்கான மண் அரை மீட்டர், அதன் கீழ் பருமணல், அடியில் சரளைக்கல், அதற்குள் துளையிட்ட குழாய் என்ற வரிசை வழக்கமானது. இரண்டு நுணுக்கங்கள் நைட்ரஜனைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மேல் மண்ணில் மக்கிய உரத்தை அதிகமாகக் கலந்தால், நைட்ரேட்டைப் பிடிக்க வேண்டிய மழைத்தோட்டமே முதல் சில மாதங்களில் நைட்ரேட்டை வெளியே விடும். அடுத்து, வெளியேறும் குழாயின் வாயைச் சரளைக்கல் மட்டத்துக்கு மேல் உயர்த்தி வளைத்துவிட்டால், அடியில் எப்போதும் நீர் தேங்கி உயிர்வளி அற்ற பகுதி உருவாகும். அதில் மரச்சீவல்களைக் கலந்து வைத்தால் நைட்ரேட்டை வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கு உணவும் கிடைத்துவிடும். தேங்குவது தரைக்கடியில் என்பதால் கொசுவுக்கு இடமில்லை. ஆனால் மேற்பரப்பில் நிற்கும் நீர் சில மணி நேரத்தில் முழுவதும் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் மேல் அடுக்கு அடைத்துக்கொண்டது என்று பொருள், கிளறிவிட வேண்டும்.

புளோக்கைச் சுற்றியுள்ள நிலம் நகர மன்றத்தின் பராமரிப்பில் இருப்பதால், குழி தோண்டும் முன் அவர்களிடமும், சமூகத் தோட்டமாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்திடமும் எழுதிக் கேளுங்கள். தரைக்கடியில் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் செல்லக்கூடும். கடிதத்தோடு உங்கள் குறிப்பேட்டின் அளவீடுகளையும், நீர் ஓடும் பாதையைக் குறித்த வரைபடத்தையும், வழிந்தோடும் இடத்தின் படத்தையும் இணைத்தால், பேச்சு விரைவாக வேலைக்குத் திரும்பும்.

திருத்தம் செய்தபின் அதே இடத்தில், அதே ஜாடியால், ஏறத்தாழ அதே அளவு மழையின்போது மீண்டும் அளந்து பாருங்கள். முந்தைய மழைக்கும் இதற்கும் இடையில் எத்தனை வறண்ட நாள்கள் இருந்தன என்பதையும் ஒப்பிடுங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் மழையில் அளவு உயர்ந்திருந்தால் உங்கள் திருத்தம் தோற்றதாகப் பொருள் இல்லை. ஓராண்டில் இரண்டு பருவமழைகளையும் இடைப்பட்ட இடிமழைக் காலங்களையும் கடந்த அளவீடுகள் கையில் இருக்கும்போதுதான் முன்னேற்றத்தை உறுதியாகச் சொல்ல முடியும். சோதனை முடிந்த குழாய்களில் உள்ள இரசாயனக் கரைசலைத் தோட்டத்திலோ வடிகாலிலோ கொட்டாமல் ஒரு புட்டியில் சேர்த்து வைத்து, பெட்டியின் குறிப்பில் சொல்லியிருக்கும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.